பிக்கப் வண்டியின் பின்கண்ணாடி: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது?

"பின்கண்ணாடி ஒழுகுது, மாத்திக் கொடுத்துடுங்க" என்று சொல்லிக்கொண்டேதான் வண்டி உள்ளே வரும். கழற்றிப் பார்த்தால் பல நேரம் கண்ணாடி மேல் ஒரு குற்றமும் இருக்காது. தண்ணீர் அதற்கு ஒரு சாண் மேலேயிருந்து இறங்கியிருக்கும். அதனால் புதுக் கண்ணாடிக்குச் சொல்வதற்கு முன்னால் இதை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். உங்கள் வண்டியில் என்ன கோளாறோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஒவ்வொன்றிலும் காசு செலவாகாத காரணம் முதலில் வரும், கையைக் கடிக்கும் காரணம் கடைசியில்.

அதற்கு முன் ஒன்றே ஒன்று: உங்களுடையது எந்த வகைக் கண்ணாடி? சுற்றிலும் தடித்த ரப்பர் பீடிங் இருந்து, அதன் உதட்டை விரலால் தூக்கினால் அடியில் தகர விளிம்பு தெரிந்தால் அது ரப்பர் கண்ணாடி. ஓரம் முழுக்க கருப்புப் பட்டை, தூக்குவதற்கு உதடே இல்லை என்றால் அது யூரித்தேன் பசையில் ஒட்டியது. நடுப்பகுதி நகர்ந்தால் ஸ்லைடர். இப்போதைய வண்டிகளில் அது பெரும்பாலும் சட்டத்தோடு ஒரே துண்டாகப் பசையில் உட்கார்ந்திருக்கும்.

## கண்ணாடி பொடிப்பொடியாகக் கொட்டிவிட்டது

பின்கண்ணாடி பெரும்பாலும் டஃபன் செய்தது, அதாவது சூட்டில் வலுவேற்றியது. முன்கண்ணாடி போல ஒரு கீறலோடு நிற்காது, உடைந்தால் பட்டாணி அளவுத் துண்டுகளாகக் கொட்டிவிடும். ஒட்டவும் முடியாது, நிரப்பவும் முடியாது. வேறு வண்டியின் கண்ணாடியை அறுத்து அளவுக்குக் கொண்டுவரலாமா என்று கேட்பவர்களும் உண்டு. கட்டர் இறங்கியதும் அதுவும் பொடிதான்.

### அன்றைக்கே செய்ய வேண்டியது

திறப்பை வெளிப்பக்கமாகப் பாலித்தீன் ஷீட் போட்டு மூடுங்கள். பெயின்ட் மேல் மாஸ்கிங் டேப் மட்டும். பேக்கிங் டேப் ஒட்டினால் இரண்டு வெயிலில் பசை இறுகி, உரிக்கும்போது பெயின்ட்டையும் கூட்டிக்கொண்டு வரும். பின்பக்கம் திறந்தபடி தூரம் ஓட்டாதீர்கள். ஓடும் வண்டிக்குப் பின்னால் சுழலும் காற்று சைலன்சர் புகையைக் கேபினுக்குள் இழுத்துவிடும். அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு வேக்குவம் போடுங்கள். சீட்டையும் தரையையும் எல்லோரும் சுத்தம் செய்வார்கள். எல்லோரும் விடுவது சீட் பெல்ட்டை. ஒரு வண்டியில் கண்ணாடியெல்லாம் மாற்றி முடித்த பிறகு பின்சீட் பெல்ட் பாதியில் சிக்கி நின்றது. பெல்ட் உள்ளே போகும் வாயில் டார்ச் அடித்துப் பார்த்தால் மூன்று கண்ணாடி மணிகள், பட்டையோடு ஒட்டி உரசிக்கொண்டு. பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்து, இரண்டு ஓரத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். ஒரு இழை அறுந்திருந்தாலும் பெல்ட்டை மாற்றித்தான் ஆக வேண்டும்.

### எதனால் உடைந்தது என்று தேடுங்கள்

லோடு முன்னால் நகர்ந்து குழாயோ பெட்டியோ இடித்திருக்கலாம், இதுதான் சகஜம். லோடு பாடி மேல் பூட்டிய கம்பிச் சட்டமோ மூடியோ மேடு பள்ளத்தில் ஆடி, அதன் போல்ட் கண்ணாடியைத் தொட்டிருக்கலாம். கண்ணாடி இருந்த இடத்துக்கு நேராக அந்தச் சட்டத்தில் ஏதாவது பளபளவென்று தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லை என்றால் திறப்பின் விளிம்பைத் தடவிப் பாருங்கள். உள்ளே துரு ஊதிப்போய் ஓர் இடத்தில் மேடு தட்டியிருந்தால் அந்த மேடுதான் கண்ணாடியை நெருக்கியிருக்கும். அதைச் சரிசெய்யாமல் மாட்டினால் புதுசும் அதே வழியில் போகும்.

### ரப்பர் வகையா? இரண்டு பேர் இருந்தால் வீட்டிலேயே மாட்டலாம்

பழைய ரப்பரைத் திரும்பப் போட ஆசைப்படாதீர்கள். இறுகி, சுருங்கி, மூலைகளில் வெடித்திருக்கும். கண்ணாடிக்குக் கொடுக்கும் விலையில் ரப்பரின் விலை ஒரு பொருட்டே இல்லை.

விளிம்பைச் சுத்தமாகத் துடைத்து, புது ரப்பரைக் கண்ணாடியில் மாட்டுங்கள். தகர விளிம்பு நுழைய வேண்டிய பள்ளத்துக்குள் 5 மி.மீ. அளவுள்ள வழுக்கலான நைலான் கயிற்றைச் சுற்றிலும் பதியுங்கள். இரு முனையும் கீழ்ப்பக்க நடுவில் ஒன்றையொன்று தாண்டி ஒரு சாண் நீளம் உள்பக்கம் தொங்க வேண்டும். விளிம்பிலும் ரப்பரிலும் சோப்புத் தண்ணீர் தாராளமாகத் தடவுங்கள். எண்ணெயோ கிரீஸோ வேண்டாம், ரப்பரைத் தின்றுவிடும்.

வெளியே நிற்பவர் கண்ணாடியைத் திறப்பில் வைத்து உள்ளங்கையால் அழுத்த, உள்ளே இருப்பவர் கயிற்றைக் கண்ணாடியின் நடுவை நோக்கி மெதுவாக இழுக்க வேண்டும். கயிறு வர வர ரப்பர் உதடு "சளக்" என்று விளிம்பைத் தாண்டி உள்ளே விழும். அந்தச் சத்தம் கேட்டால் சரியாகப் போகிறது. கயிறு வந்துவிட்டது, உதடு மட்டும் வெளியிலேயே நிற்கிறது என்றால் வெளியே அழுத்தம் போதவில்லை. மூலைகளில் அவசரம் கூடாது. உதட்டை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் ஓரத்தில் சின்னச் சில்லு பெயரும். டஃபன் கண்ணாடிக்கு ஓரம்தான் உயிர்நிலை. ரப்பரை இறுக்க அதில் செருகும் பூட்டுப் பட்டை இருந்தால், அதை எல்லாவற்றுக்கும் கடைசியில் போடுங்கள்.

### பசை வகையா?

கருவி இருந்து, கை பழகியவர் பக்கத்தில் இருந்தால் செய்யலாம். முதல் தடவை, அதுவும் தனியாக என்றால் ஆளைக் கூப்பிடுவதுதான் என் கட்சி. இது வேலை கஷ்டம் என்பதற்காக இல்லை, தப்பு நடந்தால் அன்றைக்குத் தெரியாது, முதல் பெருமழையில்தான் தெரியும் என்பதற்காக. யார் செய்தாலும் நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியவை இவை.

பழைய பசையை மொத்தமாகச் சுரண்டி எடுக்கக் கூடாது. தகரத்தோடு நன்றாகப் பிடித்திருக்கும் பசையில் 1 முதல் 2 மி.மீ. விட்டு மேலே மட்டும் செதுக்க வேண்டும். புதுப் பசை அதன் மேல்தான் நன்றாகப் பிடிக்கும். பிளேடு பட்டுத் தகரம் வெளுத்த இடமெல்லாம் பிரைமர் பூச வேண்டும். கண்ணாடியைப் பசை இல்லாமல் ஒருமுறை வைத்துப் பார்த்து, கண்ணாடியிலும் பாடியிலும் சேர்த்து டேப் ஒட்டி, நடுவில் கிழித்து அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டும். துடைத்த ஓரத்தை அதன் பிறகு வெறுங்கையால் தொடக் கூடாது. விரல் எண்ணெய் போதும், பசை நழுவ.

பசை முக்கோண வரப்பாக, சுற்றிலும் அறுபடாமல் வர வேண்டும். ஆரம்பமும் முடிவும் சந்திக்கும் இடம் மூலையில் வரக் கூடாது. கண்ணாடியை ஒரே தடவையில் வைக்க வேண்டும். வைத்த பிறகு எடுத்துத் திரும்ப வைத்தால் வரப்பு நசுங்கி, எங்கே இடைவெளி விழுந்தது என்று கண்ணுக்கே தெரியாது. எத்தனை நேரம் கழித்து வண்டியை எடுக்கலாம் என்பது அந்த டியூபிலேயே இருக்கும்: சிலவற்றுக்கு 1 மணி நேரம், சிலவற்றுக்கு ஒரு நாள். இந்தப் பசை காற்றின் ஈரத்தில் இறுகுவது, குளிரும் வறட்சியும் சேர்ந்தால் இன்னும் தாமதமாகும். அதுவரை ஒரு கதவுக் கண்ணாடியை இறக்கியே வையுங்கள். எல்லாம் மூடிய கேபினில் கதவை ஓங்கிச் சாத்தினால் உள்ளே அடைபடும் காற்று பச்சைப் பசையை வெளியே தள்ளும்.

யாராவது சிலிகான் டியூபோடு வந்தால் வேலையை நிறுத்துங்கள். காடி வாசம் அடிக்கும் சிலிகான் தகரத்தில் துருவை ஏற்றும். அது பட்ட இடத்தில் அடுத்து எந்தப் பசையும் பிடிக்காது.

## மழை பெய்தால் பின்சீட்டுக்கு அடியில் ஈரம்

ஈரம் எங்கே என்று முதலில் பாருங்கள். முன்பக்கத் தரையில் மட்டும் ஈரம் என்றால் ஏசி தண்ணீர் வடியும் குழாய் அடைத்திருக்கலாம். தொட்டால் பிசுபிசுப்பு, இனிப்பான வாசம் என்றால் அது ஹீட்டரிலிருந்து வரும் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்). இரண்டுக்கும் பின்கண்ணாடிக்கும் சம்பந்தம் இல்லை. பின்சுவரை ஒட்டி ஈரம் என்றால் மேற்கொண்டு படியுங்கள்.

### சோதனை: கீழிருந்து மேலே

பின்சீட்டைக் கழற்றி, பின்சுவர் லைனிங்கையும் கூரை லைனிங்கின் பின் ஓரத்தையும் தளர்த்துங்கள். பக்கத்துத் தூணில் ஏர்பேக் என்று எழுதியிருந்தால் அந்தப் பிளாஸ்டிக்கைத் தொடாதீர்கள். ஒருவர் டார்ச்சோடு உள்ளே, ஒருவர் ஹோஸோடு வெளியே. ஹோஸின் வாயை விரலால் அடைத்துப் பீய்ச்சக் கூடாது. மழை அப்படிப் பெய்வதில்லை. கண்ணாடியின் கீழ் ஓரத்தில் மட்டும் 5 நிமிடம் மெதுவாக ஓட விடுங்கள். பிறகு இரண்டு பக்கம். பிறகு மேல் ஓரம். அதற்குப் பிறகுதான் மேல் பிரேக் லைட், கடைசியில் கூரையின் மடிப்பு. மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துவிடும், எது ஓட்டை என்று ஒருக்காலும் தெரியாது. இந்த ஒரு ஒழுங்கை விட்டுவிட்டு வீணாய்ப் போன மதியங்கள் எனக்கே உண்டு.

### காரணம் 1: ஸ்லைடரின் வடிகால் அடைப்பு

ஸ்லைடரின் கீழ்த் தண்டவாளத்தில் தண்ணீர் சேர்வது இயல்பு. அது வெளியே வடியச் சின்னத் துளைகள் இருக்கும். இலைத் தூளும் மண்ணும் அடைத்தால் தண்டவாளம் தொட்டியாகி உள்பக்கம் வழியும். அரை டம்ளர் தண்ணீரைத் தண்டவாளத்தில் ஊற்றுங்கள். சில நொடிகளில் வெளியே கோடாக இறங்கினால் துளை நன்றாக இருக்கிறது. தேங்கி நின்றால் மெல்லிய பிளாஸ்டிக் டையை நுழைத்துக் குத்திவிடுங்கள். ஏர் கன்னை முழு அழுத்தத்தில் வைத்தால் சீல் பெயர்ந்துவிடும். செலவு: ஒரு டை.

### காரணம் 2: மேல் பிரேக் லைட்

கேபினின் நெற்றியில், கண்ணாடிக்கு மேலே இருக்கும் அந்த விளக்குதான் முக்கியக் குற்றவாளி. அதன் பின்னால் தண்ணீர் புகாமல் அடைக்கும் ஒரு நுரை கேஸ்கெட். வருடங்கள் போகப் போக அது காகிதமாக நசுங்கிவிடும். அங்கே புகும் தண்ணீர் கூரை லைனிங்குக்குப் பின்னால் இறங்கி, கண்ணாடியின் மேல் விளிம்பைத் தொட்டு, அதன் பக்கவாட்டில் வழிந்து கீழே வரும். பார்ப்பவர்கள் கண்ணாடி ஒழுகுகிறது என்றே சத்தியம் செய்வார்கள்.

வேறு இடத்தில் இரண்டு முறை கண்ணாடியைக் கழற்றி ஒட்டிய வண்டி ஒன்று எங்களிடம் வந்தது. கண்ணாடியைச் சுற்றிக் கால் மணி நேரம் தண்ணீர் விட்டோம், உள்ளே ஒரு சொட்டு இல்லை. ஹோஸை ஒரு கை உயரம் தூக்கி விளக்கின் மேல் காட்டியதுதான் தாமதம், உள்சுவரில் நூல் மாதிரி ஒரு கோடு இறங்கியது. உரிமையாளர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. திருகுகளைக் கழற்றினால் கேஸ்கெட்டின் ஒரு பக்கம் தூளாகவே உதிர்ந்தது.

புது கேஸ்கெட் போடுங்கள். கிடைக்காவிட்டால் பியூட்டைல் டேப்பை (பிசுபிசுப்பான ரப்பர் பட்டை) வரப்பாக உருட்டிச் சுற்றலாம். திருகை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். பலம் காட்டினால் விளக்கின் பிளாஸ்டிக் விரிசல் விட்டு, அந்த விரிசலே அடுத்த ஓட்டையாகும்.

### காரணம் 3: பின்சுவரின் காற்று மடல்கள், கூரை மடிப்பு

கதவைச் சாத்தும்போது கேபின் காற்று வெளியேற, பின்சுவரில் ரப்பர் மடல்கள் வைத்த பிளாஸ்டிக் சட்டம் இருக்கும். அதைச் சுற்றிய நுரை போனால், லோடு பாடிக்கும் கேபினுக்கும் நடுவே தெறிக்கும் தண்ணீர் உள்ளே வரும். கூரை மடிப்பில் அடைத்த சீலன்ட் வெடித்திருந்தால் அதைச் செதுக்கிவிட்டுப் புதிதாக அடையுங்கள்.

### காரணம் 4: பசையில் இடைவெளி

எல்லாம் பார்த்தும் கண்ணாடி ஓரத்தில்தான் சொட்டு வருகிறதா? துல்லியமான இடம் தெரிய இன்னொரு வழி உண்டு. கதவு, கண்ணாடி எல்லாவற்றையும் மூடி, புளோயரை வெளிக்காற்றில் முழு வேகத்தில் வையுங்கள். வெளியே கண்ணாடியைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். குமிழி கிளம்பும் இடம்தான் ஓட்டை. ஆனால் அங்கே வெளியிலிருந்து சீலன்ட் பூசுவது தற்காலிக வைத்தியம். உள்ளே புகுந்த தண்ணீருக்கு வெளியேறும் வழியையும் சேர்த்து அடைத்துவிடுவீர்கள்.

### காரணம் 5: விளிம்பில் துரு

கண்ணாடியைக் கழற்றும்போது பசையோடு சேர்ந்து பெயின்ட்டும் செதிலாக வந்தால் இதுதான். மேல்துரு என்றால் சுரண்டி, எபாக்சி பிரைமர் அடித்து, பெயின்ட் முழுதாகக் காய்ந்த பிறகு ஒட்டலாம். கண்ணாடிப் பசையோடு வரும் கருப்பு பிரைமர் துருவுக்கு மருந்து இல்லை. ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்தினால் தகரம் பொத்துக்கொண்டால் அது கண்ணாடி வேலையே இல்லை. டிங்கர் வெட்டி வெல்டிங் வைத்துக் கொடுத்த பிறகுதான் கண்ணாடிப் பேச்சு.

ஓட்டையை அடைத்ததும் கார்ப்பெட்டைத் தூக்குங்கள். மேலே காய்ந்தது போலத் தெரியும். அடியிலிருக்கும் பஞ்சு வாரக்கணக்கில் தண்ணீரைப் பிடித்து வைக்கும். சீட்டுக்கு அடியில் வயர் கனெக்டர்களில் பச்சை பூத்திருந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

## ஓடும்போது விசில், கடகட

வேகத்தில் மட்டும் விசில் வருகிறதா? கண்ணாடியின் மேல் ஓரம் முழுக்க மாஸ்கிங் டேப் ஒட்டி ஓட்டிப் பாருங்கள். விசில் நின்றால் டேப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்துக்கொண்டே வாருங்கள். திரும்பக் கேட்கும் இடத்தில் வெளி மோல்டிங் (ஓரப் பட்டை) தூக்கியிருக்கும் அல்லது பசையில் இடைவெளி இருக்கும். டேப் ஒட்டியும் விசில் வந்தால் கதவு ரப்பரையும் கூரைக் கம்பியையும் பாருங்கள்.

பள்ளத்தில் மட்டும் கடகட என்றால் ஸ்லைடரின் கொக்கியைக் கையால் அழுத்திப் பிடித்தபடி வேறொருவரை ஓட்டச் சொல்லுங்கள். சத்தம் அடங்கினால் கொக்கி தேய்ந்திருக்கிறது அல்லது தண்டவாளத்தின் வெல்வெட் பட்டை போய்விட்டது. ஓரத்தில் டக், டக் என்று கண்ணாடி மொத்தமாக அசைந்தால் ஓட்டாதீர்கள். பசை விட்டுவிட்டது, ஆளைக் கூப்பிடுங்கள்.

## ஸ்லைடர் நகரவில்லை

கையால் தள்ளும் வகை என்றால் பெரும்பாலும் அழுக்குதான். தண்டவாளத்தை பிரஷ் போட்டு, சோப்புத் தண்ணீரில் கழுவி, காய்ந்ததும் சிலிகான் ஸ்ப்ரே லேசாக அடியுங்கள். கிரீஸ் வைத்தால் அடுத்த மாதம் மண்ணும் கிரீஸும் சேர்ந்து உப்புத்தாளாகிவிடும்.

மோட்டார் வகை என்றால் பட்டனை அழுத்திக் காதைக் கொடுங்கள்.

சத்தமே இல்லை: ஃபியூஸ். அது நன்றாக இருந்தால் மோட்டார் கனெக்டரைக் கழற்றி, ஒருவர் பட்டனை அழுத்த, மல்டிமீட்டர் வையுங்கள். திறக்க அழுத்தும்போது 12 வோல்ட், மூட அழுத்தும்போது அதே 12 வோல்ட் மைனஸ் குறியோடு வர வேண்டும். வந்தால் மோட்டார் போயிற்று. வராவிட்டால் சுவிட்ச் அல்லது வயர்.

மோட்டார் சுற்றும் சத்தம் வருகிறது, கண்ணாடி அசையவில்லை: கேபிள் அறுந்திருக்கும், இல்லை கொக்கியிலிருந்து நழுவியிருக்கும். நழுவியது என்றால் திரும்ப மாட்டலாம். அறுந்தது என்றால் பல வண்டிகளில் மோட்டாரும் கேபிளும் ஒரே செட்டாகத்தான் வரும்.

பாதி வந்து நின்று, திணறுகிறது: தொடர்ந்து பட்டனை அழுத்தாதீர்கள், அப்படித்தான் நல்ல கேபிள் அறுகிறது. தண்டவாளத்தைச் சுத்தம் செய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால் சட்டமே வளைந்திருக்கிறதா என்று நேர்க்கோல் வைத்துப் பாருங்கள். வளைந்த சட்டத்துக்கு முழு ஸ்லைடரையும் மாற்றுவதுதான் வழி.

## டிஃபாகர் (கண்ணாடியைச் சூடாக்கும் மெல்லிய கோடுகள்) பனியைப் போக்கவில்லை

### ஒரு கோடு கூட வேலை செய்யவில்லை

முதலில் ஃபியூஸ், ரிலே, அதற்குப் பிறகு கண்ணாடியின் இரண்டு ஓரத்திலும் வயர் மாட்டும் சின்னத் தகர நாக்கு என்று வரிசையாகப் பாருங்கள். நாக்கு பெயர்ந்து வயரோடு தொங்கினால் காரணம் அதுதான். சாதாரணச் சூப்பர் பசையில் ஒட்டினால் நிற்கும், மின்சாரம் போகாது. வெள்ளி கலந்த, மின்சாரம் கடத்தும் எபாக்சி வேண்டும்.

### நடுவில் ஒன்றிரண்டு கோடு மட்டும் பனியோடு நிற்கிறது

அந்தக் கோடு எங்கோ அறுந்திருக்கிறது. இன்ஜினை ஓட விட்டு டிஃபாகரைப் போடுங்கள். மீட்டரின் மைனஸைப் பாடியில் வைத்து, பிளஸ் முனையில் அலுமினியத் தாளைச் சுற்றுங்கள் (வெறும் முனை கோட்டைக் கீறும்). நல்ல கோட்டின் நடுவில் சுமார் 6 வோல்ட் காட்டும். அறுந்த கோட்டில் ஒரு பக்கம் முழு 12, மறுபக்கம் 0. முனையை மெதுவாக நகர்த்துங்கள். எண் சட்டென்று விழும் இடம்தான் அறுந்த இடம். ஸ்பிரிட்டால் துடைத்து, கோட்டுக்கு மேலும் கீழும் டேப் ஒட்டி, வெள்ளிக் கடத்தி பெயின்ட்டை இரண்டு பூச்சுப் பூசி, ஒரு நாள் காய விடுங்கள். ஒரு விரல் அகலத்துக்கு மேல் போன கோட்டுக்கு இது தாங்காது. கண்ணாடி மாற்றும் வரை பொறுத்துக்கொள்ளலாம், இதற்காக மட்டும் மாற்றத் தேவையில்லை.

பழைய சன் ஃபிலிமைப் பிளேடால் சுரண்டியதில் மொத்தக் கோடுகளும் போன கண்ணாடிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஃபிலிமை நீராவி காட்டி, கோடு போகும் திசையிலேயே உரியுங்கள்.

## புதுக் கண்ணாடி போட்ட பிறகு வரும் கோளாறு

முதல் சில நாட்கள் பசை வாசம் அடிப்பது சாதாரணம். பிம்பம் நெளிந்து தெரிந்தால் அது கண்ணாடியின் வளைவுக் குறை. மாட்டியவரால் சரிசெய்ய முடியாது, மாற்றித்தான் வாங்க வேண்டும். டிஃபாகர் வேலை செய்யவில்லை என்றால் வயரை மாட்ட மறந்திருப்பார்கள். லைனிங்குக்குப் பின்னால் கையை விட்டுப் பாருங்கள்.

கண்ணாடி ஒரு பக்கம் பாடியை விட உயரமாக நிற்கிறதா? நகத்தை வைத்து மேலிருந்து கீழே இழுத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு மேடு என்றால் விட்டுவிடலாம். ஒரு மூலையில் மட்டும் நகம் தட்டி நின்றால் அங்கே பழைய பசை தடிமனாக விடப்பட்டிருக்கும், அல்லது காய்வதற்குள் கதவைச் சாத்தியிருப்பார்கள். நீங்களே அழுத்திச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், இறுகிய பசை இறங்காது, கண்ணாடிதான் கொட்டும். மழைக்கு முன்னால் மாட்டியவரிடமே திருப்பிக் கொண்டுபோய், அந்த மூலையில் மட்டும் பூசச் சொல்லாமல், முழுதாக அறுத்துத் திரும்ப ஒட்டச் சொல்லுங்கள்.